நேர்ச்சைக் கிதார்

திருவிழாவுக்கு வந்த நேர்ச்சைப் பொருள்கள் எல்லாம் கோயிலின் பின்புற அறையில் கிடந்தன. கால் கட்டிய சேவல்கள், தேங்காய்கள், இரண்டு மூட்டை நெல். அவற்றுக்கு நடுவே சுவரில் சாய்ந்து நின்றது ஒரு கறுப்பு எலெக்ட்ரிக் கிதார்.

"நெல்லுக்கு வெல தெரியும், கோழிக்கு வெல தெரியும். இது என்ன சாமானுன்னே எனக்கு வெளங்கல. ஞாயித்துக்கிழம ஏலம் விடணும். பாத்துச் சொல்லு செல்வம்" என்றார் பங்குச் சாமியார் அருளானந்தம்.

மரியசெல்வம் கோயில் பாடகர் குழுவிலும் ஊர் மெல்லிசைக் குழுவிலும் கிதார் வாசிக்கிறவன். கிதார் பற்றி ஒரு சந்தேகம் என்றால் காரைக்காலில் அவனைத்தான் கேட்பார்கள்.

"யாரு குடுத்தது சாமி?"

"நம்ம இருதயமேரி. கப்பல்ல இருந்தாரே பிரான்சுவா, அவரு சம்சாரம். மகளுக்கு டைபாய்டு வந்துச்சுல்ல? பொழச்சு எந்திரிச்சா வீட்டுல எது ஒசந்ததோ அதக் குடுக்குறேன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டாளாம். இதத்தான் ஒசந்ததுன்னு அந்த மனுசன் சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாராம்."

செல்வம் கிதாரைக் கையில் எடுத்தான். முதல் பார்வைக்குச் சிரிப்புதான் வந்தது. உடம்பு முழுக்கப் படகுக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்ட். கடல்காற்றில் மரம் கெட்டுவிடக் கூடாது என்று பிரான்சுவாவே அடித்திருக்க வேண்டும். தலைப்பக்கம் இருந்த பெயரும் அந்தப் பெயின்டுக்குள் போய்விட்டது. ஆனால் கழுத்தைப் பிடித்ததும் அவன் சிரிப்பு நின்றது. எத்தனையோ விரல்கள் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய மரம் அது.

கம்பிகளைத் தளர்த்தி, முன்பக்கத்து வெள்ளைத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினான். தகட்டுக்கு அடியில் பெயின்ட் எட்டாத இடத்தில், செய்தபோதே அடித்த நிறம் அப்படியே இருந்தது; தேன் நிறம் ஓரத்துக்குப் போகப் போக இருண்டு செம்பழுப்பாகியிருந்தது. உள்ளே ஓடிய மின்கம்பிகளுக்கு ரப்பர் உறை இல்லை, பழைய காலத்துத் துணி உறை. அடுத்து, கழுத்தை உடம்போடு பிணைத்திருந்த நான்கு திருகாணிகள். கழுத்து கழன்று வந்தது. அதன் அடிமரத்தில் பென்சிலால் ஒரு மாதமும் வருஷமும் எழுதியிருந்தது. அறுபத்திரண்டு, ஜூன். பிரான்சில், துலோனில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய பழைய பத்திரிகை ஒன்றில் இதைத்தான் அவன் படித்திருந்தான். அசல் அமெரிக்கக் கிதாராக இருந்தால் செய்தவன் அங்கேதான் தேதி போட்டிருப்பான்.

ஒரு நிமிஷம் அவன் அந்த அறையிலேயே இல்லை. பனி பெய்யும் ஊர் ஒன்றில் யாரோ ஒருவன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நிற்பது தெரிந்தது. மார்சேய் துறைமுகத்தில், சம்பளம் வாங்கிய கையோடு பிரான்சுவா ஒரு கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. அடுத்து நின்றது அவனேதான், மேடையில், இந்தக் கிதாரோடு.

"என்னப்பா, தேறுமா?"

"கல்கத்தாவுல பண்ற காப்பி சாமி. சும்மா பொடிப்பசங்க தட்டிப் பழகலாம். சேவலோட சேத்து விட்டுருங்க."

சொல்லி முடித்துத் திரும்பியபோதுதான் வாசலில் இருதயமேரி நிற்பதைப் பார்த்தான். கையில் விளக்குக்கு எண்ணெய்ப் போத்தல். போத்தலை வைத்துவிட்டுப் போனாள். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் குனிந்து திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஏலம் நடந்தது. உபதேசியார் சந்தனசாமி மைக்கைப் பிடித்தால் ஊரே சிரிக்கும். "அடுத்து வர்றது கித்தாரு! கூவாது, முட்ட போடாது, தீனியும் கேக்காது! யாரு கேக்குறீங்க?" சேவலுக்குக் கேட்ட அளவுக்குக்கூட யாரும் கேட்கவில்லை. செல்வம் கேட்ட சொற்ப விலைக்கே கிதார் அவன் தோளுக்கு வந்தது. கொஞ்சம்கூடக் கனக்கவில்லை என்பதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு தள்ளுவண்டி உள்ளே வந்தது. வண்டியில் இருதயமேரியின் தையல் மிஷின். அவள் ஒரு பக்கம், இன்னும் உடம்பு தேறாத மகள் ஆன்தோனெத் ஒரு பக்கம். இறக்கி மாதா சுரூபத்தின் முன்னால் வைத்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார்.

இருதயமேரி ஒதுங்கி நின்ற பூவரசு மரத்தடிக்குச் செல்வம் ஓடினான். "என்னக்கா இது? மிஷின எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"ஒசந்தது குடுக்குறேன்னு சொல்லிப்புட்டு டூப்ளிகேட்டக் குடுத்தா மாதா விடுவாளா தம்பி? மிச்சம் எங்கிட்ட இதான் இருக்கு."

"அக்கா, அது டூப்ளிகேட் இல்ல. அசல். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "ஒங்களுக்கு நல்ல மனசு தம்பி. நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்றீங்க."

"சத்தியமாக்கா. கழுத்தக் கழட்டிக் காட்டுறேன், தேதி போட்டிருக்கு."

"எதுக்குப்பா கஷ்டப்படுறீங்க? அந்த மனுசன்தான் வாய்க்கு வந்தபடி அளந்துட்டுப் போயிட்டாரு. விடுங்க."

அவள் இரக்கத்தோடு சொன்னதுதான் தாங்க முடியவில்லை. சந்தனசாமி மிஷினுக்கு விலை கேட்க வாயெடுக்கும்போது செல்வம் மேடையேறி மைக்கை வாங்கினான். பாடப்போகிறான் என்று முன்வரிசையில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"இந்தக் கித்தாரு அசல் அமெரிக்கா சாமானு. எனக்கு அன்னைக்கே தெரியும். நான் வாங்கணும்னுதான் சாமிகிட்டப் பொய் சொன்னேன்."

கை தட்டியவர்கள் கையைக் கீழே போட்டார்கள். "மாதாவையே ஏமாத்திப்புட்டியேடா!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அவன் கிதாரைத் தோளிலிருந்து கழற்றிச் சாமியாரின் காலடியில் வைத்தான். அவர் அதையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை.

இருதயமேரி மெதுவாக மேடைக்குக் கீழே வந்து நின்றாள். இந்தமுறை நம்பிவிட்டாள். ஆறுதல் சொல்ல நினைக்கிறவன் ஊர் நடுவில் தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்ள மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப அவரு பொய் சொல்லல?"

"இல்லக்கா."

"ரெண்டு நாளா அவரு கல்லறையில போயித் திட்டிக்கிட்டிருந்தேன்." இப்போது தம்பி என்று கூப்பிடவில்லை.

"மிஷின எடுத்துட்டுப் போம்மா" என்றார் சாமியார். "நேர்ச்சதான் மொதல்லயே தீந்துபோச்சே."

"வேணாம் சாமி. தீர்த்தம் போட்டாச்சு. மாதாவுக்கு வச்சத எந்தக் கையால எடுப்பேன்?" மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள்.

சந்தனசாமி தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை. "தையல் மிஷின். யாரு கேக்குறீங்க?"

யாரும் விலை கேட்கவில்லை. எல்லாரும் செல்வத்தையே பார்த்தார்கள். அவன் கையைத் தூக்கினான். வாங்கினாலும் அவள் வீட்டு வாசலில் அதை இறக்க முடியாது என்பது தூக்கிய பிறகுதான் உறைத்தது. கையை இறக்கவும் முடியவில்லை.