லாக்லன் எண்ணெய் போட்ட துப்பாக்கி

துப்பாக்கியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எதிர்ச் சரிவில் நின்ற காட்டுப்பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஆட்டுக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு முட்புதருக்குள் நிதானமாகப் போய்விட்டது.

நயரி பல்லைக் கடித்தாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது குட்டி.

"அப்படியே மண்ணைப் பாத்துப் பிடி. உடனே திறக்காத. தாமதமா வெடிச்சாலும் வெடிக்கும்," என்றாள் கணவனிடம்.

முப்பது எண்ணிவிட்டு லாக்லன் தோட்டாவை வெளியே எடுத்தான். "தோட்டா மட்டம்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன! டவுனுக்குப் போயி வேற வாங்கிட்டு வந்தோமா இல்லியா? இங்க பாரு, தோட்டா அடியில துப்பாக்கி ஊசி பட்ட தடம் கொசு கடிச்ச மாதிரி இருக்கு. குத்தவே இல்ல. கழட்டிப் பாரு, கழட்டிப் பாருன்னு எத்தனை தடவ சொல்றது?"

"கழட்ட என்ன இருக்கு? வாராவாரம் எண்ணெய் விடுறேன்."

"எந்த எண்ணெய்?"

"எண்ணெய்னா எண்ணெய்தான்."

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி காலிதானா என்று நயரி இரண்டு முறை பார்த்தாள். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, தோட்டாவைக் குத்தும் ஊசி உள்ளே இருக்கும் போல்ட்டை உருவிப் பிரித்தாள். ஊசியும் சுருள்வில்லும் வெளியே வர மறுத்தன. இழுத்து எடுத்தபோது, பிசின் அப்பியதுபோல அவற்றின் மேல் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். நேராகக் கொட்டகைக்குப் போய் ஒரு டப்பாவோடு திரும்பினாள்.

"இது ஆளிவிதை எண்ணெய், லாக்லன்! துப்பாக்கிக் கட்டைக்குப் பூசுறது. காஞ்சா வார்னிஷ் மாதிரி பிடிச்சுக்கும். இதையா உள்ள ஊத்துன?"

"ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்துச்சு."

"மேல எழுதியிருக்கே!"

"கண்ணாடி போடல."

அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. ஊசியையும் வில்லையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தாள். கைக்குக் கிடைத்தது அவன் பல்துலக்கும் பிரஷ், அவள் யோசிக்கவில்லை. துணியால் துடைத்துக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு தொட்டு, அதையும் துடைத்தெடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடலாமே," என்றான் பின்னால் நின்றவன்.

"நீ போயி டீ போடு."

மறுநாள் காலை உறைபனி விலகுமுன்னே பன்றி வந்தது. லாக்லன் குறிபார்த்தான். இந்த முறை பள்ளத்தாக்கே அதிரும்படி வெடித்தது. பன்றிக்கு இரண்டு முழம் தள்ளி மண் தெறித்தது. 'டிக்'கா வெடியா என்று தெரியாமல் கண்ணை மூடியிருக்கிறான் மனிதன்.

"குழல் நுனிக் குறிமுள் கோணியிருக்கு," என்றான்.

நயரி துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அதே சரிவில், ஒரே தோட்டாவில் பன்றியை அவள் சாய்த்தாள். ஒரு தொடையை வாங்கிப்போக அடுத்த பண்ணை டூகல் வந்தபோது லாக்லன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"பழைய துப்பாக்கின்னா கவனிப்பு வேணும் டூகல். நிறைய பேரு எண்ணெயைக் கண்டபடி ஊத்திடுறாங்க. நாங்க முழுசா பிரிச்சுத் துடைச்சோம்."

"நாங்களா?" என்றாள் நயரி, பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே.