வெர்லினின் பசுவும் நானூறு கட்டங்களும்

சாணி போடுகிற மாட்டை நம்பலாம், அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவனை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

எங்கள் விஸ்கான்சின் ஊரின் ஆம்புலன்ஸ் நிதிக்காக ஒவ்வொரு ஜூலையும் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நானூறு கட்டம் பிரித்து நம்பர் போடுவோம். கட்டம் பத்து டாலர். பிறகு வெர்லின் ஹாகன் தன் பசுவை உள்ளே விடுவான். அது எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறதோ அந்தக் கட்டத்துக்காரருக்குப் பாதிப் பணம், மீதி ஆம்புலன்ஸுக்கு. இருக்கிற வண்டி போன குளிர்காலத்தில் என் கணவரை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் பிழைத்ததே பெரிது. புது வண்டி வந்தே ஆக வேண்டும். அதற்கு ஜனங்கள் இந்த ஆட்டத்தை நம்பவேண்டும்.

எப்படி நம்புவது? முந்தின வருஷம் வெர்லினின் மச்சினிக்கு விழுந்தது. போன வருஷம் அவன் அண்ணன் மகனுக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் ஒரு தடவை விழலாம். இரண்டு தடவையுமா?

இந்த வருஷம் ஆட்டத்துக்கு முதல்நாள் மாலை, அவன் பசுவோடு மைதானத்தின் கிழக்கு மூலையில் நடந்துகொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன வெர்லின், ஒத்திகையா?"

"கூட்டத்தப் பாத்தா மிரளுது. இடத்தப் பழக்குறேன்."

"எந்தக் கட்டத்துக்குப் பழக்குற?"

சிரித்தான். "அட போ ஆர்லிஸ். இது கறக்குற எடத்துலயே ஒழுங்கா நிக்காது. இதுக்கு நம்பர் வேற சொல்லித் தரணுமா?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள், யாருக்கு எந்தக் கட்டம் என்ற பட்டியலை வைத்திருந்த தீயணைப்புப் படைத் தலைவன் ஓர்விலிடம், ஊரே பார்க்கப் போய் நின்றேன்.

"நம்பரையெல்லாம் திருப்பிப் போடு. கடைசிக் கட்டத்துலேர்ந்து ஒண்ணு ஆரம்பிக்கட்டும்."

"இப்பவா? எதுக்கு?"

"வெர்லினைக் கேளு."

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அவன் காது சிவந்துபோனது. "போடட்டும், விடு" என்றான். ஓர்வில் நம்பர்களைத் திருப்பிப் போட்டான்.

பசு ஒரு மணி நேரம் புல் மேய்ந்தது, எங்கள் பொறுமையையும் மேய்ந்தது. கடைசியில் வாலைத் தூக்கியது. ஓர்வில் ஓடினான்.

"இருநூத்திப் பன்னெண்டு!" பட்டியலைப் பார்த்தவன் குரல் இறங்கியது. "ஆர்லிஸ்... இது உன்னோடது."

எல்லாரையும்போல நானும் ஒரு கட்டம் வாங்கியிருந்தேன். அவ்வளவுதான். ஒருவரும் கைதட்டவில்லை.

"திருப்பிப் போடச் சொன்னதே இவதானே?" பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

"என் பங்கும் ஆம்புலன்ஸுக்கே!" என்று கத்தினேன்.

"பாத்தியா, உறுத்துது" என்றது அதே குரல்.

வெர்லின் கயிற்றைப் பிடித்தபடி வந்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவனோ கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "அவ அப்படிப்பட்டவ இல்ல. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து எனக்குத் தெரியும்."

எனக்கும் அவனை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். வெட்கமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஓர்வில் தயங்கித் தயங்கி வந்தான். "அடுத்த வருஷம் நீ கட்டம் வாங்காத ஆர்லிஸ். நம்பர் போடுற பக்கமும் வராத. ஜனங்க பேசுவாங்க... வண்டி வரணுமில்ல?"

தலையாட்டினேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், மைதானத்துக்கே வரக் கூடாது என்று சொல்லியிருப்பேன்.