எட்டால் வகுத்தால்

நல்லகாமன் டீக்கடை பெஞ்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லை. பம்பாய் டெஸ்ட்டில் இங்கிலாந்திடம் பத்து விக்கெட்டில் தோற்று ஐந்து நாளாகியும் பழங்காநத்தத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அம்பயரே அவுட் கொடுத்துவிட்ட அவர்கள் ஆட்டக்காரன் டெய்லரை, பந்து மட்டையில் படவில்லை என்று சொல்லி நம் கேப்டன் விசுவநாத் திரும்பக் கூப்பிட்டு ஆடவைத்திருந்தார். திரும்பி வந்த மனுஷன் போத்தமோடு சேர்ந்துகொண்டு ஆட்டத்தையே தூக்கிப் போய்விட்டான்.

"அந்தாளுக்குக் கோயில் வேணா கட்டுங்கப்பா. கேப்டன் வேலைய மட்டும் குடுத்துராதீங்க" என்றார் நல்லகாமன், டீயை ஆற்றிக்கொண்டே.

கடையே சிரித்தது. ராஜாராம் மட்டும் சிரிக்கவில்லை. விசுவநாத்தை யாராவது ஒரு சொல் சொன்னால் சொந்த அண்ணனைச் சொன்ன மாதிரி அவனுக்குச் சுருக்கென்று ஏறும். எதிரே உட்கார்ந்திருந்த ஹாலாஸ்யத்துக்கு அது தெரியும். தெரிந்துதான் வாயைக் கிளறினான்.

"எழுபத்தொண்ணுல வெஸ்ட் இண்டீஸ்ல நாலே டெஸ்ட். எழுநூத்து எழுபத்துநாலு ரன். கவாஸ்கர் பக்கத்துல நிக்க இந்தியாவுல ஆள் இருக்கா, சொல்லு?"

ஹாலாஸ்யத்துக்கு எதையும் எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் சோறு செரிக்கும். வாரத்தில் ஆறு நாள் நாகமலை புதுக்கோட்டையில் யுனிவர்சிட்டி ஆபீஸ் கிளார்க். லீக் மேட்ச் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கோரர். நாலு பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு மரத்தடி மேஜையில் உட்கார்ந்துவிட்டால் அவனுக்கு ராஜ கம்பீரம் வந்துவிடும். அம்பயர் அவனைப் பார்த்துத்தான் கையை ஆட்டவேண்டும். பதிலுக்கு இவன் கையைத் தூக்கிக் காட்டினால்தான் அடித்த ரன் ரன்னாகும். பத்து வருஷமாக அந்த மேஜையை விட்டுக்கொடுக்கவில்லை.

ராஜாராம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சேப்பாக்கத்துல ராபர்ட்ஸ் போட்ட போடுக்கு எதுக்க ஒருத்தரும் நிக்கல. ஒத்தையா நின்னு தொண்ணூத்தேழு அடிச்சான். மூணு ரன்னு கம்மின்னு ஒன் நோட்டு சொல்லும். அது எந்த நூறுக்கு மாப்ள கொறஞ்சது?"

"கம்மின்னா கம்மிதானே."

"என்னையவே எடுத்துக்க. சராசரி முப்பத்தெட்டுன்னு சொல்லுச்சு ஒன் நோட்டு. வெங்கடசுப்பிரமணியனுக்கு நாப்பது. அவன் மெட்ராஸ் போனான், இப்ப பேங்க்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கான். நான் கப்பலூர்ல போல்ட்டு எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். அந்த முப்பத்தெட்டா நானு? அவன் என்னைய மாதிரி ஒரு கவர் டிரைவ் அடிச்சுப் பாத்திருக்கியா நீ?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். "விசுவநாத்தப் பாத்துத்தான் மனச ஆத்திக்கிட்டேன். பெரிய ஆளுக நோட்டுல சிக்க மாட்டாங்கன்னு. அவுட் இல்லாதவன அவுட்டுன்னா, தோத்தாலுஞ் சரி, கூப்பிட்டுக் கொண்டாரணும். அதச் செஞ்சான்ல? அதுக்கு என்ன நம்பர் போடுவ நீ?"

ஹாலாஸ்யம் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த முப்பத்தெட்டு எழுபத்துமூன்றாம் வருஷத்துக் கணக்கு. பேங்க் கிரிக்கெட் டீமுக்கு ஆள் எடுக்கும் மெட்ராஸ் தேர்வுக்கு இந்த ஊரிலிருந்து ஒரே ஒருவனைத்தான் அனுப்பமுடியும். ஆளாளுக்குச் சிபாரிசு வந்தபோது, முகதாட்சண்யமே வேண்டாம், சராசரி யாருக்கு அதிகமோ அவன் போகட்டும் என்று யோசனை சொன்னதே ஹாலாஸ்யம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். ராஜாராமும் ஆட்டினான். ஒன்பது ஆட்டம், முந்நூற்று நாற்பத்திரண்டு ரன். ஒன்பதால் வகுத்து முப்பத்தெட்டு என்று இவன் கைப்பட எழுதிக் கொடுத்தான்.

அந்த ஒன்பதில் ஒன்றில் ராஜாராம் அவுட்டாகவே இல்லை. முப்பத்தொன்றில் இருக்கும்போது எகிறிய பந்து வலதுகை ஆட்காட்டி விரலை உடைத்துவிட்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்கள். அவுட்டுக்கு அம்பயர் விரலைத் தூக்குவார், நாலுக்குக் கையை வீசுவார். விரலை உடைத்துக்கொண்டு போகிறவனுக்குச் சைகை என்று ஒன்றும் கிடையாது. சைகையையே பார்த்து எழுதிப் பழகிய ஹாலாஸ்யம், அது வராத இடத்தில் 'ரிட்டயர்ட்' என்று மட்டும் எழுதி, அடுத்த ஆட்டக்காரன் பெயருக்குப் போய்விட்டான். நாட் அவுட் என்று குறித்திருக்கவேண்டும்; சராசரிக்கு அவுட்டான ஆட்டங்களால்தான் வகுக்கவேண்டும். கணக்குப் போட்ட அன்று அதையும் அவுட்டாக எண்ணிவிட்டான்.

மறுவருஷம் பழைய நோட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. வெங்கடசுப்பிரமணியனுக்கு அதற்குள் பேங்க் ஆர்டர் வந்திருந்தது. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நோட்டை மூடிப் பரணில் போட்டான். பயம்தான், வேறொன்றுமில்லை. அதற்கப்புறம் மேட்ச் இல்லாத ஒவ்வொரு ஞாயிறும் ராஜாராமோடு டீ குடித்துக்கொண்டு, எண் பொய் சொல்லாது என்று வாய் கூசாமல் வாதாடியும் வந்திருக்கிறான்.

"இரு, வாரேன்" என்று எழுந்தான். வீடு இரண்டாவது சந்தில்தான். பரணில் ஏறி நோட்டை எடுத்து, வேட்டித் தலைப்பால் தூசியைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். கூட்டம் கலைந்திருந்தது. ராஜாராம் இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பி, சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஹாலாஸ்யம் நோட்டைக் கேரியர் மேல் விரித்து அந்த வரியைக் காட்டினான். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

ராஜாராம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. மனசுக்குள் வகுத்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"நாப்பத்திரண்டே முக்கால்" என்றான்.

"ஆமா."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"அடுத்த வருஷமே."

பாரவண்டி ஒன்று கடகடவென்று போய் முடிந்தது. சொன்னால் நெஞ்சுப் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் ஹாலாஸ்யம் வந்திருந்தான். குறையவில்லை.

"இப்ப எதுக்குடா சொன்ன?"

"நீதானே சொன்ன, கூப்பிட்டுக் கொண்டாரணும்னு."

"கூப்பிட்டப்ப டெய்லர் இன்னும் கிரவுண்டுக்குள்ளதான்டா இருந்தான்." ராஜாராம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நம்பரு நம்ம பக்கம் இல்ல, ஆட்டம் நம்ம பக்கம்னு சொல்லிச் சொல்லித்தான் ஏழு வருஷமா அந்தக் கம்பெனிக்குப் போயிட்டு வாரேன். அந்த நம்பரும் எனக்குத்தான் இருந்துச்சா?"

ஹாலாஸ்யம் இடுப்பில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, "திருத்தி எழுதிரட்டுமா?" என்று கேட்டுவிட்டான். கேட்டபிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

ராஜாராம் நோட்டை மெதுவாக மூடி அவன் கையில் வைத்தான். "நேரமாச்சு. போறேன்" என்று சைக்கிளில் ஏறினான். வெயில் தார்ரோட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. நல்லகாமன் இரண்டு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு, "என்னப்பா, யாரு பெரிய ஆளு, முடிவாச்சா?" என்றார்.

ஹாலாஸ்யம் திரும்பவில்லை. ராஜாராமின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலதுகையில் ஹாண்டில்பாரை நாலு விரல்தான் பிடித்திருந்தது. கோணலாகக் கூடிப்போய் மடங்க மறுத்த அந்த ஆட்காட்டி விரல் மட்டும், கப்பலூர் ரோட்டில் வளைவு திரும்பும் வரைக்கும், தூக்கினபடியே போய்க்கொண்டிருந்தது.