பச்சையம்மாவின் அட்வான்ஸ் காப்பி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பொறாமையில் கிடைத்தது. பெருமை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வந்தது இன்றுவரை போகவில்லை.

"1989-ஆம் வருடம், ஆடி மாதம். நீலக் கடலின் அலைகள் ஆர்ப்பரித்து..."

வேண்டாம். கடல் மீன்பிடிப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகம்தான் எங்களுடையது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் ஸ்டாண்டுதான் தெரியும். மறுபடி தொடங்குகிறேன்.

2

பச்சையம்மா என் செக்‌ஷனில் இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் செம்பாக்கம். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். அவர் தலைமுறையில் வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருந்தன. நான் ஸ்ரீநிவாசராகவன், அஸ்தினாபுரம், சூப்பரின்டெண்ட். ஆங்கிலத்தில் டிராஃப்ட் என்றால் ஆபீஸ் முழுக்க என்னிடம்தான் வரும். (இந்த வரியில் தற்பெருமை இருக்கிறது. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.)

அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வளரும் நாடுகளின் அதிகாரிகளுக்குக் கடல் ஆளுகையில் பயிற்சி. கரையிலிருந்து இருநூறு கடல்மைல்வரை யாருக்கு என்ன உரிமை, மீனை நாடுகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்றெல்லாம் பத்து வாரம் வெளிநாட்டில் படிக்கலாம். செலவெல்லாம் ஃபெலோஷிப். இந்தியாவுக்கு ஒரே ஓர் இடம்.

பச்சையம்மா விண்ணப்பித்தார். நானும் விண்ணப்பித்தேன். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

3

கடலை ஆள்வது பற்றி இருநூறு வார்த்தையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், பச்சையம்மா தான் எழுதியதை என்னிடம் நீட்டினார். அவருடைய ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் இது:

"மழை பொய்த்த வருடம் எங்கள் ஏரி மதகின் சாவி முதல் வயல்காரர் வீட்டில் இருக்காது. கடைசி வயல்காரர் வீட்டுக்குப் போய்விடும். எல்லோருக்கும் பாய்ந்த பிறகுதான் அவருக்குத் தண்ணீர். அதனால் பாதியில் மதகை மூட அவருக்கு மனம் வராது. கடலின் சாவி இன்று பெரிய கப்பல் வைத்திருப்பவர்களிடம் இருக்கிறது."

"கடல் சட்டத்துல ஏரி எங்கேம்மா வந்தது? எடுத்துடுங்கோ."

"இன்னா சார், எனக்குத் தெரிஞ்சது அதானே கீது."

"தெரிஞ்சதை எழுதினா ஃபாரின் அனுப்புவாளா? நான் எழுதித் தரேன்."

குரோம்பேட்டையில் நான் இறங்குவதற்குள் அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பு மையால் அடித்து, 'சர்வதேச ஒத்துழைப்பின் இன்றியமையாமை' பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்ல ஆங்கிலம். மருந்துக்குக்கூட ஒரு மீன் கிடையாது.

4

அரசாங்கத்தில் விண்ணப்பம் முறையான வழியில்தான் போகவேண்டும். ஒவ்வொரு மேலதிகாரியின் மேஜையிலும் உட்கார்ந்து எழுந்து. அது போய்ச் சேருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்று, இன்னொரு பிரதியை நாமே நேராகத் தபாலில் சேர்த்துவிடுவோம். அதுதான் அட்வான்ஸ் காப்பி. இரண்டும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவேண்டிய அவசியம் வந்ததில்லை.

"தாம்பரம் ஸ்டேஷன் வாசல். தபால் பெட்டிக்கு முன்னால் பச்சையம்மா கண்கலங்கி நின்று..."

[பொய் சார். நான் எங்க அழுதேன்? பஸ்ஸு வந்துகினு இருந்திச்சி. பொட்டியில போட்டேன், ஓடிப்போய் ஏறிட்டேன். – ப.]

(பகர அடைப்புக்குள் இருப்பது அவர் பென்சிலில் எழுதியது. இந்தக் கதையைத் தட்டச்சு செய்ததும் அவரிடம்தான் முதலில் கொடுத்தேன்.)

அவர் பெட்டியில் போட்டது தான் எழுதிய ஏரியை. முறையான வழியில் போனது என்னுடைய இன்றியமையாமை. அது கெடு முடிந்து எட்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

கார்த்திகையில் பதில் வந்தது. தபாலைப் பிரித்தவன் நான். "மதகுச் சாவியைப் பற்றி எழுதிய அதிகாரியை வரவேற்கிறோம்" என்று இருந்தது. என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று மூன்று தடவை படித்தேன். பிறகு எழுந்து நின்று, செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி உரக்க வாசித்தேன். நம் செம்பாக்கம் ஏரி கடல் தாண்டிப் போகிறது என்று அத்தனை பெருமையாக இருந்தது எனக்கு.

[இது நெஜம். சார் கண்ணுலதான் தண்ணி. – ப.]

5

அவர் பயிற்சிக்குப் போன ஆறாவது வாரம் அங்கிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. "சார், பதினெட்டு நாட்டு ஆபீசருங்க இருக்காங்க. மீனைப் பங்கு போடுற பயிற்சியில யாரும் விட்டுக்குடுக்கல. ரெண்டு நாள் சண்டை. கடைசியா இருக்கிற குட்டித் தீவுக்காரர் கையில சாவியைக் குடுங்கன்னு சொன்னேன். ஒத்துக்கினாங்க."

மறுநாள் காலை ரயிலில் குரோம்பேட்டை முதல் பீச் வரை, கேட்டவர்களுக்கும் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.

6

முடிவு ஒன்று: மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மாலையோடு நிற்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன். (மாலையோடு நின்றது உண்மை. வாய் வரவில்லை.)

முடிவு இரண்டு: நானும் விண்ணப்பித்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. (எங்கள் ஆபீஸிலா? நடக்கிற காரியமா?)

முடிவு மூன்று: அன்று ரயிலில் நான் அந்தப் பத்தியை அடித்தது, அது மோசம் என்று நினைத்ததாலா, அல்லது என்னுடையதைவிட நன்றாக இருந்ததாலா என்று...

ஏழு வருடமாக இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவரிடமே கேட்டேன். கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தார்:

[இத்த நீங்களும் தீர்க்காதீங்க, நானும் தீர்க்க மாட்டேன். கதை கடைசியா யார் வூட்டுக்குப் போவுது? சாவியை அங்க அனுப்புங்க சார். – ப.]

அனுப்பிவிட்டேன். நான் அடித்த பத்தி மூன்றாம் பகுதியில் முழுசாக இருக்கிறது. இன்னொரு தடவை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.