மருதாணி வைத்த வாரம்

என் புருஷனுக்கு ஷார்ஜாவில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. இந்த வருஷம் அதுவும் ஒரே வாரம். "ஒங்க முதலாளிக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா?" என்று போனில் கேட்டேன். "அது இருந்தா அவன் ஏன் முதலாளியா இருக்கப் போறான்?" என்றார் முபாஷிர். பக்கத்திலிருந்து அவருடைய ரூம் கூட்டாளி ஹஸ்ஸான் சிரித்தது எனக்குக் கேட்டது.

நானும் லீவு போட்டேன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறேன். கண், புருவம், உதடு எல்லாம் என் கைதான். ஒரு வாரத்துக்கு எந்தப் பொம்மையின் மூஞ்சியிலும் முழிக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முதல் நாள் இரண்டு பேரும் மதியம் வரை தூங்க வேண்டும். சேத்தியாத்தோப்புக்குப் போய் மீன் வாங்கிவந்து குழம்பு வைக்க வேண்டும். வீராணம் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்து சோளக்கதிர் கடிக்க வேண்டும். நடுவில் மங்கலம்பேட்டையில் ஹஸ்ஸானின் தங்கை அஸ்பியாவுக்கு நிக்காஹ். அதற்குக் கட்ட ஒரு பச்சைப் புடவை எடுத்து வைத்திருந்தேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். குளித்தார், சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செவுத்த பாக்கத்தான் பிளேன் ஏறி வந்தீங்களா?"

அப்போதுதான் திரும்பினார். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. "ஹஸ்ஸான் மவுத்தாயிட்டான் மஹிரா" என்றார்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு அவனை எழுப்பப் போயிருக்கிறார். உடம்பு சில்லென்று இருந்ததாம். தூக்கத்திலேயே மாரடைப்பு. இவரைவிட இரண்டு வயது சின்னவன். உடனே ஹஸ்ஸானின் தாய்மாமன் நூர் முகம்மதுவுக்குப் போன் போட்டிருக்கிறார். தகப்பன் இல்லாத அந்த வீட்டுக்கு அவர்தான் எல்லாம். அவர் அழுது முடித்துவிட்டுச் சொன்னாராம்: "பேப்பரு எல்லாம் முடிஞ்சு மய்யித்து வர ஒரு வாரமாவும். யாருக்கும் சொல்லாத. வியாழக்கெழம நிக்காஹ் முடியட்டும்."

மாப்பிள்ளையும் சவூதியில் வேலை பார்க்கிறவன்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் பிளேன் ஏற வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போன கல்யாணம். இன்னொரு தடவை தள்ளினால் மாப்பிள்ளை வீட்டார் ராசி கெட்ட பெண் என்று சொல்லிவிடுவார்கள் என்று மாமாவுக்குப் பயம்.

"பெத்த தாய்க்குத் தெரியாம எப்படிங்க?" என்றேன்.

"மாமா சொல்லிட்டாரு. நான் யாரு மீற?"

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? என் வாரம் போயிற்றே என்றுதான். அப்புறம்தான் போனில் கேட்ட அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து அழுதேன்.

வளைகுடாவிலிருந்து வருகிறவன் கூட்டாளியின் பார்சலைத் தன் கையாலேயே அவன் வீட்டில் கொடுக்க வேண்டும். திரும்பும்போது அந்த வீட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கம் இதில் யாரும் தப்பிக்க முடியாது. போகாவிட்டால்தான் சந்தேகம் வரும். மறுநாளே மங்கலம்பேட்டை பஸ் ஏறினோம்.

நான் மாமி என்று கூப்பிடும் ஹஸ்ஸானின் அம்மா ரஹ்மத் பீவி வாசலுக்கே ஓடிவந்தார். இவர் கன்னத்தைத் தடவி, "எம்புள்ளய பாத்த மாதிரி இருக்குது" என்றார். பார்சலை அங்கேயே பிரித்தார். பால் பவுடர், பாதாம், தைலம், தங்கைக்கு அத்தர். அத்தர் பாட்டில் உடையக்கூடாதென்று தான் போட்டுக் கழற்றிய பனியனிலேயே சுற்றி வைத்திருந்தான் ஹஸ்ஸான்.

"பாரு, அழுக்குத் துணிய ஊருக்கு அனுப்பி வச்சிருக்கான், பொறுக்கிப் பய!" என்று மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "இத்த நல்லா தோச்சி வைக்கிறேன். போவும்போது எடுத்துக்கிட்டுப் போய் அவன் மூஞ்சியில வுட்டெறி."

"சரிம்மா" என்றார் இவர்.

"ஆமா, போனையே எடுக்க மாட்டேங்கிறானே, என்னா கேடு அவனுக்கு?"

"போனு தண்ணியில வுழுந்துடுச்சும்மா. கடையில வேற ஸ்டாக் எடுக்கிறாங்க. நிக்காஹ் அன்னிக்கு யாரு போன்லயாச்சும் கூப்புடுவான்."

பொய் இவ்வளவு சரளமாக வரும் மனிதர் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமி ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் இவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் அத்தனையும் வாந்தி எடுத்தார்.

மீதி நாட்களை எப்படிக் கழித்தோம் என்று கேட்டால், திட்டப்படிதான் கழித்தோம். சேத்தியாத்தோப்பில் விரால் வாங்கினோம். குழம்பு பூனைக்குப் போயிற்று. வீராணம் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். சோளக்கதிர் இவர் கையிலேயே ஆறியது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் "லீவா பாய்? நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். நல்ல ரெஸ்ட்! மாமியின் எண்ணிலிருந்து போன் வரும்போதெல்லாம் இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை மதியம் அஸ்பியாவுக்கு மருதாணி வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பொம்மைக்குப் புருவம் போடுகிற கை என்பதால் எங்கள் சனத்தில் எந்த நிக்காஹ் என்றாலும் மருதாணிக்கு நான்தான். கிராம்புத்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குழைப்பேன். பெண்ணுக்கு முழங்கை வரை வைத்தேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் வழக்கம்போல, "எத்தன நாளு நிக்கும்?" என்று கேட்டார்கள். நானும் வழக்கம்போல, "நான் வச்சா பத்து நாளைக்கு அசையாது. எந்தச் சோப்பு வேணும்னாலும் போட்டுப் பாருங்க" என்று பீற்றிக்கொண்டேன். வாய்ப் பழக்கம்.

எல்லாம் முடிந்து கையைக் கழுவ எழுந்தேன். மாமி என் முன்னால் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"எனக்கும் வைடி."

"ஒங்களுக்கு எதுக்கு மாமி?"

"அவங்க அத்தா போனதுலேருந்து நான் வச்சதில்ல. ஹஸ்ஸான்தான் போன மாசம் சண்ட போட்டான். தங்கச்சி நிக்காஹ்ல நீ மருதாணியோட நிக்கணும், நான் வீடியோவுல பாப்பேன், இல்லேன்னா பேசவே மாட்டேன்னான். வை, சீக்கிரம்."

நான் வாசல் பக்கம் பார்த்தேன். நூர் முகம்மது மாமா நின்றுகொண்டிருந்தார். வை என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த மனுஷனை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வைத்தேன். நிலாவும் சுற்றிலும் பொட்டுகளும். ஒரு பொட்டுகூடப் பிசகவில்லை. பிசகியிருக்கலாம்.

நிக்காஹ் நன்றாகவே நடந்தது. மாமி எல்லாரிடமும் கையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். மண்டபத்தில் எடுத்த எல்லாப் போட்டோவிலும் அந்தக் கைதான் முன்னால் இருக்கிறது. ஹஸ்ஸான் மட்டும் கூப்பிடவில்லை. "இந்த ஸ்டாக் எடுக்கிறவனுங்க நாசமாப் போவ" என்று திட்டிக்கொண்டே மாமி பந்திக்குப் போனார்.

மறுநாள் சொல்லிவிடுவதாகப் பேச்சு. மறுவீடு முடியட்டும் என்றார் நூர் முகம்மது. அதுவும் முடிந்தது. மய்யித்து திங்கட்கிழமை சென்னைக்கு வருகிறது, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஞாயிறு ராத்திரி பிளேனுக்கு இவர் போய்விடுவார். இன்னும் ஒரு நாள்கூட லீவு தர முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் மாமி ஒரு கட்டைப்பையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முறுக்கு, கருவாட்டுப்பொடி, நிக்காஹ் தம்ரூட் இனிப்பு, ஒரு புதுச்சட்டை. இவர் வழக்கப்படி பையை லக்கேஜ் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

"எடை ஏறுதா?" என்றார் மாமி. "ஏறுனா முறுக்க எடுத்துடு. இது மட்டும் கண்டிப்பா போவணும்."

பையின் அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். அந்தப் பனியன். வெளேரென்று வெளுத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்திருந்தது.

இவர் தராசைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். இதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மாமி, ஒக்காருங்க" என்றேன். "இத்த அனுப்ப வேணாம். ஹஸ்ஸான் இல்ல மாமி. மவுத்தாயிட்டான்."

அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கியதும்தான் நம்பினார்.

"எப்ப?"

"அவரு ஊருக்கு வந்த அன்னிக்கே மாமி."

"நான் பாயா ஊத்துனப்ப இவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மாமி மெதுவாகத் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் நாள்தான் மருதாணி நன்றாக ஏறும். செக்கச்செவேல் என்று ஏறியிருந்தது.

"அப்ப ஒனக்கும் தெரியும்" என்றார் என்னிடம்.

"தெரியும் மாமி."

அவர் என்னை அடித்திருக்கலாம். பின்கட்டுக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரை எடுத்துக் கையைத் தேய்க்கத் தொடங்கினார். சபீனாத் தூளை அள்ளிப் போட்டுத் தேய்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். தள்ளிவிட்டார். அழுகை வரவில்லை அவருக்கு. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எம்புள்ள அங்க ஐஸ் பொட்டியில கெடக்குறான். நான் இங்க கைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சிருக்கேன். ஊரே பாத்துச்சு. திங்கக்கெழம அவன் மூஞ்சிய இந்தக் கையாலயாடி தொடணும்?"

நாரில் ரத்தம் ஒட்டியிருந்தது. உள்ளங்கை நிலா அப்படியே இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, ஈரக் கைகளை என் முன்னால் நீட்டினார், அன்றைக்கு நீட்டியதுபோலவே.

"இது போவ எத்தன நாளாவும்?"

நான் குழாயை மூடினேன். நான் வைத்தால் எத்தனை நாள் நிற்கும் என்று புதன்கிழமை எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தேன். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.