பாசியைச் சீவியது யார்

அக்கா வேலை செய்யும் பட்டறையில் திரைச்சீலைத் துணிக்கு அச்சடிப்பார்கள். அதற்கான டிசைனை வரைவது அக்கா. ஜன்னலோரத்தில் அவளுக்கென்று ஒரு மேசை உண்டு. அந்த மேசைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. சனிக்கிழமைக்குள் புதிதாக எதுவும் வராவிட்டால் டிசைனை வெளியில் வாங்கிக்கொள்வதாகவும், அக்கா துணி மடிக்கும் பக்கம் போய்விடலாம் என்றும் முதலாளி சொல்லிவிட்டார்.

"பூ போதும்மா. என் வீட்டு ஜன்னலைப் பார்த்தாலே தும்மல் வருது" என்றாராம்.

புதன்கிழமை மாலை வரை அக்கா வரைந்தது எல்லாம் பூதான். பூ கூடாது என்று ஆரம்பித்த கோடுகூட மூன்றாவது வளைவில் இதழாகிவிடும்.

அக்காவின் கணவருக்குத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. எனக்கு மாமா. வீடு வீடாகப் போய் மீட்டரைப் போனில் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்புவார். எண்கள் தெளிவாக இருந்தால் படம் போய்ச் சேர்ந்ததும் தானாக அழிந்துவிடும். தெளிவில்லாதவை போனிலேயே தங்கும். ஆக, அவர் போனில் இருந்தவை எல்லாம் தேறாத படங்கள். அன்று போன் இடமில்லை என்று முரண்டு பிடித்தது.

"பென்சிலைச் சீவிச் சீவி அது பல்லு குத்துற குச்சி ஆயிடுச்சு. இதையாவது அழிச்சுக் குடேன்" என்று போனை அக்காவிடம் நீட்டினார் மாமா. "ரேடியோ, நீயும் கூட உக்காரு."

ரேடியோ நான்தான். வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் மாமா வைத்த பெயர்.

ஆடிப்போன படங்கள், விரல் மறைத்த படங்கள், மீட்டரை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பிடித்த படங்கள். அக்கா தள்ளித் தள்ளி அழித்துக்கொண்டே வந்தாள். ஒன்றில் விரல் நின்றது.

பச்சைப் பாசி படிந்த சுவர். அதன்மேல் விரல் அகலத்தில் வெளுத்த ஒரு தடம். இடமும் வலமுமாக நெளிந்து, பல் பல்லாக மேலே ஏறி, என்னவோ நினைத்துக்கொண்டதுபோல் திரும்பி, கீழே இறங்கியிருந்தது. சின்னஞ்சிறு சீப்பால் யாரோ பாசியைச் சீவிவிட்டதுபோல இருந்தது.

"இது யாரு பண்ணது?" என்றாள் அக்கா.

மாமா எட்டிப் பார்த்தார். "நான் நம்பரைப் பாக்கப் போறவன். சுவத்தை யாரு பாத்தா? பூனை பிராண்டியிருக்கும்."

"பூனைக்கு இவ்வளவு பொறுமை ஏது?"

"பூனைன்னா நாலு கோடு விழும். இது ஒண்ணுதான்" என்றேன்.

"பார்றா, ரேடியோ பாடுது" என்றார் மாமா.

அக்கா அந்தப் படத்தை மட்டும் அழிக்கவில்லை. "நாளைக்குப் போற எடத்துல எல்லாம் சுவத்தையும் கொஞ்சம் சேத்து எடுங்க" என்றாள்.

மாமா எதைச் செய்தாலும் முழுசாகச் செய்கிறவர். வியாழக்கிழமை முப்பத்திரண்டு வீடுகளின் சுவர்களை அழகாக எடுத்து வந்தார். மீட்டர் மூலையில் பொட்டுபோல் இருந்தது. முப்பத்திரண்டும் திரும்பி வந்துவிட்டன. மேலாளர் போன் செய்து, "என்ன சார், சுவத்துக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுத்திருக்கீங்க" என்று கேட்டாராம். மறுநாள் அத்தனை வீட்டுக்கும் மறுபடி நடக்க வேண்டும்.

"உன் மேசை நிக்கறதுக்குள்ள என் வேலை படுத்துடும் போல" என்றார் அக்காவிடம்.

ஆனால் ஒரு படத்தில் அதே தடம் இருந்தது. அதன் முனையில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கப் பெரிதாக்க அது கலங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை நாங்களும் மாமாவோடு போனோம். மழை பெய்து சுவர் ஈரமாக இருந்தது. அந்தத் தடம் இருந்த வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அக்கா குந்தி உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

நத்தை. நகத்தளவுதான் இருக்கும். தலையை இடப்பக்கம் கொண்டுபோய் ஒரு வாய், வலப்பக்கம் கொண்டுபோய் ஒரு வாய், பிறகு மயிரிழை அளவு முன்னே. தின்ற இடமெல்லாம் வெளுத்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்காரம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்லைங்க. நத்தை சாப்பிடுது."

அவரும் குனிந்தார். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டிக்கிட்டே தட்டைக் காலி பண்ணிடுவாரு" என்றார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க. நம்பர் தெரியல" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பென்சிலை எடுத்தாள். மணிக்கட்டை இடமும் வலமும் அசைத்து, இம்மி இம்மியாகத் தாளில் நகர்த்தினாள். அடுத்த திருப்பம் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. கை போன இடத்துக்குப் பின்னால் அவளும் போனாள். இதழ் எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை தாள்சுருளைத் தூக்கிக்கொண்டு நானும் பட்டறைக்குப் போனேன். டிசைனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, ஒரு மூச்சு நேரம் பார்த்து, சரி அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுவது முதலாளியின் வழக்கம். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்ன இது?"

"நத்தை பாசி தின்ன தடம், சார்."

"வீட்டு ஜன்னல்ல நத்தையைத் தொங்கவிடச் சொல்றியா?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. துணி மடிக்கும் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"ஸ்வெட்டர் பின்னல்டி இது" என்றாள் ஒருத்தி.

"போடி, சைக்கிள் டயர் தடம். சேத்துல போன மாதிரி" என்றாள் மற்றவள்.

முதலாளி விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தார். "எங்க ஆரம்பிக்குதுன்னு அப்ப இருந்து தேடுறேன்" என்றார். பிறகு தாளைக் கீழே வைத்தார். "பத்து மீட்டர் அடிச்சுப் பாக்கலாம். யாராவது கேட்டா அலைன்னு சொல்லு. நத்தைன்னு வெளியில மூச்சு விடாத."

"அப்போ என் மேசை?"

"மேசை எங்க போகப்போகுது? அது சரி, அடுத்த மாசத்துக்கு என்ன வெச்சிருக்க?"

ஒன்றும் இல்லை. அது எனக்கும் தெரியும். அக்கா தரையைப் பார்த்தாள். அச்சுமேசைக்கு அடியில் எத்தனையோ வருஷமாகச் சிந்திய சாயங்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்திருந்தன. அக்காவின் பார்வை அங்கேயே நின்றது. என் பக்கம் கையை நீட்டினாள். என் போனைக் கொடுத்தேன்.

"சார், கொஞ்சம் காலை எடுங்க" என்றாள்.

முதலாளி காலை எடுத்துவிட்டு, தான் நின்றிருந்த இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.