கேப்டன் மறுபடி மூச்சு விடுகிறார்

1.

இந்தக் கதை ஒரு அலுவலக அறிக்கையாகத் தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். ஒருவர் மட்டும் தனியாக விளையாடும் எங்கள் விண்வெளி வீடியோ கேமை, ஆன்லைனில் பலர் சேர்ந்து விளையாடும்படி மாற்றலாமா என்று கேட்டிருந்தார்கள். அதன் கதையும் வசனமும் என்னுடையவை. அதனால் என் பதில் வேண்டும்.

"ஆகும், ஆகாதுன்னு ஒரே வார்த்தைல சொல்லு. சுத்தி வளைக்காத," என்றார் மேனேஜரம்மா. சுற்றி வளைக்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். அது அவருக்கு மறந்துவிட்டது.

முதல் வரி: 'இந்த விளையாட்டின் அடிப்படையே தனிமை என்பதால்—' அடித்தேன்.

இரண்டாவது: 'ஞாயிறு மதியம் என் கணவர் என் அப்பாவை—'

இது அறிக்கையில் வரக்கூடாத வரி. அதனால் கதையாகிவிட்டது.

2.

விளையாட்டு இதுதான். பழுதான ஒரு விண்கலம். அதில் நீங்கள் மெக்கானிக். விழித்திருப்பது நீங்கள் ஒருவர்தான், மற்றவர்கள் உறக்கப் பெட்டிகளில் இருக்கிறார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வயதான கேப்டன், நினைவில்லாமல், குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். குழாயைப் பிடுங்கினால் மிச்ச ஆக்சிஜன் மற்றவர்களுக்குப் போதும். பிடுங்காவிட்டால் எல்லோருமே பிழைக்கலாம், யாருமே பிழைக்காமலும் போகலாம். பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து யோசிக்கலாம். அங்கே கடிகாரம் வைக்கக்கூடாது என்று புரோகிராமரிடம் சண்டை போட்டேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தக் கேப்டன் என் அப்பா. மூளையில் ரத்தக்கசிவு, ஆஸ்பத்திரி, மூச்சுக் கருவி. நான் ரயிலில் வந்துகொண்டிருந்தேன், சிக்னல் இல்லை. 'இன்னும் சில நாள் பார்க்கலாம், இல்லையென்றால் எடுத்துவிடலாம், நீங்களே சொல்லுங்கள்' என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எடுத்துவிடலாம் என்று சொன்னவர் என் கணவர். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "நல்லா யோசிச்சுதான்மா சொன்னேன்," என்றார். நம்பினேன். அவர் யோசித்த அந்த நேரத்தைத்தான் இந்தக் காட்சியாக எழுதினேன். அடிக்குறிப்பு நீண்டுவிட்டது, போகட்டும்.)

3.

கணவர் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். காதோரம் அழுத்துகிறதா, மூக்கில் உறுத்துகிறதா என்று வருகிறவர்களை விடாமல் கேட்பார். மேஜையைத் துடைப்பதற்கு முன் எறும்பை ஊதி அனுப்புவார். என் தங்கை இந்த இடம்வரை படித்துவிட்டு, "அத்தான இவ்ளோ சாதுவா எழுதாதடி. ஏதோ வில்லங்கம் வரப்போகுதுன்னு இப்பவே தெரிஞ்சிடுது," என்றாள். என்ன செய்ய, மனிதர் அப்படித்தான்.

கேம் வெளிவந்தபோது அவரும் தனியாக விளையாடினார். ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். கண் சிவந்திருந்தது.

"என்னால முடியலம்மா," என்றார்.

அப்பாவுக்காக முடிவெடுக்க இவரைவிட நல்ல ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

4.

ஞாயிறு மதியம் பலர் சேர்ந்து விளையாடும் வடிவத்துக்குச் சோதனை. ஊழியர்கள் வீட்டிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கணவர் பக்கத்து அறையில் விளையாடினார். நான் இந்த அறையிலிருந்து வேடிக்கை பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

'விழித்திருப்பது நீ ஒருவன்தான்' என்று கலம் முப்பது பேரிடமும் ஒரே நேரத்தில் சொன்னது. முப்பது மெக்கானிக்குகளும் ஒரே ஸ்டூலுக்கு அடித்துக்கொண்டார்கள். நான்கூடச் சிரித்துவிட்டேன். பிறகு ரோஜா நிற ஹெல்மெட்டோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தலைக்கு மேல் 'பஞ்சுமிட்டாய்' என்று பெயர். வந்ததும் குழாயைப் பிடுங்கினார். கேப்டனின் நெஞ்சு அடங்கியது. பஞ்சுமிட்டாய் பெட்டி மேல் ஏறி ஆடினார்.

கொஞ்ச நேரத்தில் கேப்டன் மறுபடி மூச்சு விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புரோகிராமருக்கு போன் செய்தேன்.

"லேட்டா வர்றவங்களுக்கும் அந்த சீன் கிடைக்க வேணாமாக்கா? அதான் செத்ததும் திரும்பி வர்ற மாதிரி வெச்சேன். ஆளுக்கு ஒரு சான்ஸ்," என்றான்.

அவன் பிழைப்பில் அது நியாயம்தான். அதற்குள் 'இன்னொரு தடவை! இன்னொரு தடவை!' என்று ஸ்கிரீன் முழுக்க எழுத்துகள் ஓடின. பஞ்சுமிட்டாய் பிடுங்கினார். பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம். கேப்டன் மூச்சு விட்டார். பஞ்சுமிட்டாய் பிடுங்கினார். பக்கத்து அறையில் மறுபடி அதே சிரிப்பு.

என் அப்பா அந்தப் பெட்டிக்குள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

5.

அடுத்த காட்சிக்கு இரண்டு வரைவுகள் வீணாயின. ஒன்றில் நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிக் கத்துகிறேன். (நடக்கவில்லை. நான் கத்துகிற ரகம் இல்லை.) இன்னொன்றில் பஞ்சுமிட்டாய் வேறு யாரோ, சிரிப்பு தற்செயலாக— (சீ, கோழைத்தனம்.)

நடந்தது இது. கதவைத் திறந்தேன்.

"ஏங்க, அந்தப் பஞ்சுமிட்டாய் நீங்களா?"

"பாத்தியா! என்னா கைதட்டல்!" முகமெல்லாம் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"தனியா விளையாடினப்ப முடியலன்னீங்களே?"

"அது வேற. அப்ப யாரும் இல்லல்ல?"

"இப்ப?"

"இப்ப எல்லாரும் என்னையே பாத்துட்டு நிக்கிறாங்க. ஏதாச்சும் செஞ்சாகணும்ல?"

ஆஸ்பத்திரி வராந்தாவை நான் எப்போதும் காலியாகத்தான் கற்பனை செய்திருந்தேன். அது காலியாக இல்லை. சித்தப்பா, இரண்டு அத்தைகள், மாமா, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் இருந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கி ஓடி வந்த என்னைத் தாங்கிப் பிடித்ததே அவர்கள்தான். அது தெரிந்தும் நான் ஒற்றை ஆளைத்தான் எழுதியிருக்கிறேன்.

"அப்பாவோட டாக்டர் வெளிய வந்து கேட்டப்ப..." என்றேன். "அப்பவும் எல்லாரும் உங்களையே பாத்துட்டு நின்னாங்களா?"

அவர் சிரிப்பு நின்றது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதற்குள்ளிருந்து கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

6.

மேனேஜரம்மாவுக்கு ஒரே வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டேன்: ஆகும். அந்தக் காட்சி முதல் தடவை நடந்ததே பலர் முன்னிலையில்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

என் கணவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்பீர்கள். 'ஆமா' என்று சொல்லவைத்து ஒரு முடிவு எழுதினேன். அதில் நான் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன். 'இல்லம்மா, சத்தியமா யோசிச்சேன்' என்று சொல்லவைத்தும் ஒன்று எழுதினேன். அதிலும் நான் அவரை நம்பவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். உண்மையில் அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால், அவர்கள் எழுந்து போகும்வரை என் கணவரைப் பற்றி எதுவும் தீர்மானிக்காதீர்கள்.